சராசரி மறைத்த பத்துப் பேர்

காலை 9 மணிக்குப் பாடப்பதிவு தொடங்குகிறது. நான்கு நண்பர்கள் ஒரே மேசையில் கைப்பேசியுடன் காத்திருக்கிறார்கள். மூவருக்குப் பக்கம் உடனே திறந்துவிடுகிறது. நான்காமவரின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாகப் பக்கம் வரும்போது, அவர் விரும்பிய வகுப்பில் இடமில்லை. “உன் இணையம் சரியில்லை போல” என்கிறார்கள் மற்றவர்கள். ஆனால், நால்வரும் பயன்படுத்துவது ஒரே வைஃபை.

இப்படிப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு ஒருமுறையேனும் நேர்ந்திருக்கும். அந்த இணையத்தளத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளரிடம் கேட்டால், “எங்கள் தரப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது. சராசரி நேரம் 63.6 மில்லிவிநாடிதான்” என்று பதில் வரலாம். ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிவிநாடி. அப்படியானால் 63.6 மில்லிவிநாடி என்பது கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு.

பொறியாளர் பொய் சொல்லவில்லை. நான்காமவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் சொல்வது எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? கூடுதல் கணித வகுப்பில் “இது எதற்குப் பயன்படப்போகிறது?” என்று நாம் முணுமுணுத்த மடக்கையில்தான், அதாவது ‘லாக்’கில்தான், விடை இருக்கிறது.

63.6 யாருடைய நேரம்?

ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அது பின்னால் இருக்கும் தரவுத்தளத்திடம் பல கேள்விகளைக் கேட்கிறது. இந்த மாணவர் யார்? எந்தப் பாடங்களை முடித்திருக்கிறார்? எந்த வகுப்பில் எத்தனை இடம் மீதமிருக்கிறது? இப்படி ஒவ்வொரு கேள்வியும் ஒரு ‘வினவல்’. அதற்கு விடை வர எவ்வளவு நேரமாகிறது என்பதே நம் கவலை.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிமிடத்தில் 1,000 வினவல்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 900 வினவல்களுக்கு 2 மில்லிவிநாடி. 90 வினவல்களுக்கு 20 மில்லிவிநாடி. மீதமுள்ள 10 வினவல்களுக்கு 6 விநாடி, அதாவது 6,000 மில்லிவிநாடி.

மொத்த நேரம் 1,800 + 1,800 + 60,000 = 63,600 மில்லிவிநாடி. ஆயிரத்தால் வகுத்தால் 63.6. பொறியாளர் சொன்ன அதே எண்.

இப்போது அந்த ஆயிரம் வினவல்களில் எத்தனைக்கு 63.6 மில்லிவிநாடி ஆனது என்று பாருங்கள். ஒன்றுக்குக்கூட இல்லை. பெரும்பாலானவற்றுக்கு அதைவிட மிகக் குறைவு, பத்துக்கு மட்டும் அதைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. சராசரி இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் எண்ணைத் தந்திருக்கிறது. அதற்குள் ஆறு விநாடி காத்திருந்த பத்துப் பேர் மறைந்துபோய்விட்டார்கள்.

இடைநிலை எண்ணைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லா நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால், அது 2 மில்லிவிநாடி. அந்தப் பத்துப் பேர் ஆறு விநாடிக்குப் பதிலாக அறுபது விநாடி காத்திருந்தாலும் இடைநிலை அதே 2தான்.

ஒரு சோறு போதாத பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் உள்ள சோறெல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது என்பதால் அந்தப் பழமொழி பலிக்கிறது. தரவுத்தளத்தில் வினவல்கள் அப்படி வேகுவதில்லை.

ஒரு வினவலுக்கான விடை கணினியின் நினைவகத்திலேயே தயாராக இருக்கலாம். நினைவகத்தை ஒருமுறை தொட்டுப் படிக்க ஏறத்தாழ 100 நானோவிநாடி போதும். அது இல்லாமல், சுழலும் வட்டில் தேடி எடுக்க வேண்டியிருந்தால் ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 10 மில்லிவிநாடி ஆகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூறாயிரம் மடங்கு! இவைபோக, இன்னொருவர் அதே வரிசையை மாற்றிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை வினவல் பூட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அது பல விநாடிகள்கூட ஆகலாம்.

ஆகவே, வினவல் நேரங்கள் 10, 11, 12 என்று பக்கத்தில் பக்கத்தில் அமைவதில்லை. 1, 10, 100, 1,000 என்று மடங்கு மடங்காகத் தாவுகின்றன. அவற்றை அளக்கும் கருவியும் மடங்குகளில் அளந்தாக வேண்டும்.

சம அளவுக் கூடைகளின் சிக்கல்

பள்ளியில் ஹிஸ்டோகிராம் வரைந்திருப்போம். மதிப்பெண்களை 0 முதல் 10, 10 முதல் 20 என்று கூடைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூடையிலும் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற உயரத்தில் செவ்வகங்களை நிறுத்துவோம்.

நம் ஆயிரம் வினவல்களையும் அப்படியே பிரித்துப் பார்ப்போம். கூடை ஒவ்வொன்றும் 100 மில்லிவிநாடி அகலம். முதல் கூடையில் 990 விழும். அடுத்த 59 கூடைகளும் காலி. அதற்கடுத்த கூடையில் 10. படத்தில் இடது ஓரத்தில் ஒரு கோபுரமும் வலது ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு கோடும் இருக்கும். 2 மில்லிவிநாடி வினவல்களும் 20 மில்லிவிநாடி வினவல்களும் ஒரே கோபுரத்துக்குள் புதைந்துவிடுகின்றன. அவற்றுக்கிடையே பத்து மடங்கு வேறுபாடு இருப்பதே தெரியாது.

அகலத்தை 1 மில்லிவிநாடியாகக் குறைத்தால் அந்த வேறுபாடு தெரியும். ஆனால், ஆறு விநாடிவரை அளக்கவே 6,000 கூடைகள் வேண்டும்.

மடக்கைக் கூடைகள்

இப்போது கூடைகளைச் சம அகலத்தில் வைக்காமல், ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் பத்து மடங்காக வைப்போம். 1 முதல் 10 மில்லிவிநாடி ஒரு கூடை. 10 முதல் 100 அடுத்தது. 100 முதல் 1,000 மூன்றாவது. 1 விநாடி முதல் 10 விநாடி நான்காவது.

நம் வினவல்கள் 900, 90, 0, 10 என்று விழுகின்றன. நான்கே எண்கள்தாம். ஆனால், கதை முழுவதும் தெரிந்துவிட்டது: வேகமான பெருங்கூட்டம், சற்றுத் தாமதமான சிறு கூட்டம், நடுவில் வெற்றிடம், அதற்கப்பால் தனியாக நிற்கும் பத்துப் பேர். அந்த வெற்றிடமே ஒரு துப்புதான். கடைசிப் பத்தும் ‘கொஞ்சம் மெதுவான’ வினவல்கள் என்றால் நடுக்கூடையிலும் சில விழுந்திருக்கும். அவற்றுக்கு நேர்ந்தது வேறேதோ என்று பொறியாளர் சந்தேகிக்கத் தொடங்கலாம்.

கர்நாடக இசை பயில்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு ஸ்தாயியின் சட்ஜமத்திலிருந்து மேல் ஸ்தாயி சட்ஜமத்துக்குச் செல்லும்போது ஒலியின் அதிர்வெண் இரட்டிப்பாகிறது. அதற்கும் மேலே சென்றால் மீண்டும் இரட்டிப்பு. அதிர்வெண்கள் பெருகிக்கொண்டே போனாலும், காதுக்கு ஒவ்வொன்றும் ஒரே அளவு படியாகத்தான் கேட்கிறது. பெருக்கலைச் சமமான படிகளாக மாற்றுவதுதான் மடக்கையின் வேலை. 1614ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணைகளை வெளியிட்டபோது, பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றி வானியலாளர்களின் சுமையைக் குறைப்பதே நோக்கமாக இருந்தது. நானூறு ஆண்டுகள் கழித்து அதே கருத்து தரவுத்தளங்களுக்குக் கைகொடுக்கிறது.

32 எண்கள் போதும்

பத்து மடங்குக் கூடை சற்றுப் பெரியது என்று தோன்றினால் இரண்டு மடங்கு கூடைகளை வைக்கலாம். நேரத்தை மைக்ரோவிநாடியில், அதாவது விநாடியின் மில்லியனில் ஒரு பங்கில், அளந்துகொள்ள வேண்டும். அந்த எண்ணுக்கு 2ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை கண்டு, தசமப் பகுதியை வெட்டிவிட்டால் கிடைப்பது கூடையின் எண்.

எடுத்துக்காட்டாக, ஒரு வினவலுக்கு 4,000 மைக்ரோவிநாடி ஆனது. 2இன் 11ஆம் அடுக்கு 2,048. 12ஆம் அடுக்கு 4,096. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அது 11ஆம் கூடைக்குச் செல்கிறது. அந்தக் கூடையின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினால் வேலை முடிந்தது. 4,000 என்ற எண்ணைச் சேமித்து வைக்கத் தேவையில்லை.

2இன் 32ஆம் அடுக்கு ஏறத்தாழ 4,295 மில்லியன். அத்தனை மைக்ரோவிநாடிகள் 71 நிமிடங்களுக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு மைக்ரோவிநாடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல்வரை அனைத்தையும் அளக்க 32 எண்ணிகள் போதும். பத்து வினவல்கள் வந்தாலும் பத்து பில்லியன் வந்தாலும் அதே 32தான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை துல்லியம். 11ஆம் கூடையில் விழுந்த வினவலுக்கு 2,048 முதல் 4,096 மைக்ரோவிநாடிக்குள் ஆனது என்பது மட்டுமே தெரியும். கூடைகளை நெருக்கமாக்கினால் துல்லியம் கூடும். உலகெங்கும் பயன்படுத்தப்படும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், தன் 8.0 பதிப்பில் வினவல் நேரங்களுக்கு இத்தகைய ஹிஸ்டோகிராமைச் சேர்த்தது. அதில் 450 கூடைகள் உள்ளன. ஒவ்வொரு பத்து மடங்கு இடைவெளியும் 50 கூடைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு கூடை முந்தியதைவிட ஏறத்தாழ 4.7 விழுக்காடுதான் பெரியது. மைக்ரோவிநாடியானாலும் நிமிடமானாலும் பிழை அதே 4.7 விழுக்காட்டுக்குள் அடங்கும். ஓர் எண்ணிக்கு 8 பைட் என்றால் மொத்தம் 3,600 பைட். ஒரு கைப்பேசிப் படத்தின் அளவோடு ஒப்பிட்டால் அது தூசு.

பெர்கோனா டூல்கிட் என்னும் இலவச மென்பொருள் தொகுப்பில் உள்ள ஒரு கருவி இன்னும் எளிமையானது. 1 மைக்ரோவிநாடியில் தொடங்கிப் பத்து மடங்காகப் பெருகும் எட்டு வரிகளில் வினவல் நேரங்களைக் காட்டுகிறது. அந்த எட்டு வரிகளைப் பார்த்த உடனேயே, ஒரு வினவலுக்கு ஒரே குணமா, இரண்டு குணமா என்று புரிந்துவிடும்.

கூட்டினால் கெடாதது

பெரிய இணையத்தளங்களுக்குப் பல சேவையகங்கள் இருக்கும். அவற்றின் நிலவரத்தை ஒன்றுசேர்க்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள்.

நூறு வினவல்களில் 99 எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதை 99ஆம் நூற்றுமானம் என்கிறோம். ஒரு சேவையகத்தில் அது 20 மில்லிவிநாடி, இன்னொன்றில் 2,000 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1,010 வரும். அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முதல் சேவையகத்துக்குப் பத்தாயிரம் வினவல்களும் இரண்டாவதற்கு நூறும் வந்திருக்கலாம் அல்லவா?

ஹிஸ்டோகிராமில் இந்தத் தொல்லை கிடையாது. முதல் சேவையகத்தின் 10 முதல் 100 மில்லிவிநாடிக் கூடையில் 700, இரண்டாவதன் அதே கூடையில் 40 என்றால், மொத்தம் 740. வெறும் கூட்டல்தான். பல சேவையகங்களை ஒன்றாக்கலாம், அறுபது நிமிடங்களைச் சேர்த்து ஒரு மணி நேரமாக்கலாம். அதன் பிறகு இடமிருந்து எண்ணிக்கொண்டே போனால் நூற்றுமானம் தானாகக் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் முதல் கூடை 900, இரண்டாவதோடு 990. ஆகவே, 99ஆம் நூற்றுமானம் இரண்டாவது கூடையில் இருக்கிறது. 99.5ஐத் தேடினால் அது நேராக 1 விநாடி முதல் 10 விநாடிக் கூடையில் போய் நிற்கிறது. மறைந்திருந்த பத்துப் பேரும் இப்போது வெளியே வந்துவிட்டார்கள்.

நூற்றில் ஒன்றுதானே?

‘நூற்றில் ஒரு வினவல்தான் மெதுவாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று தோன்றலாம். ஒரு பக்கம் திறக்க ஒரு வினவல் மட்டும் போதாது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு பக்கத்துக்கு 30 வினவல்கள் தேவை என்றும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றும் கொள்வோம். முப்பதும் வேகமாக முடியும் வாய்ப்பு 0.99இன் 30ஆம் அடுக்கு, ஏறத்தாழ 0.74. அதாவது, நூறு பேர் பக்கத்தைத் திறந்தால் 26 பேர் குறைந்தது ஒரு மெதுவான வினவலில் மாட்டிக்கொள்வார்கள். மேசையில் இருந்த நால்வரில் ஒருவர் மாட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

கூகலின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதையே பெரிய அளவில் விளக்கினார்கள். நூறில் ஒரு முறை மட்டும் ஒரு விநாடி எடுக்கும் சேவையகங்கள் நூற்றிடம் ஒரே நேரத்தில் பதில் கேட்டால், 63 விழுக்காட்டுப் பயனாளர்கள் ஒரு விநாடிக்குமேல் காத்திருக்க நேரிடும்.

மெதுவான வாலில் சிக்குபவர்கள் எப்போதும் தற்செயலாகச் சிக்குவதுமில்லை. அமேசான் பொறியாளர்கள் டைனமோ என்ற தங்கள் சேமிப்பு முறையைப் பற்றி 2007இல் எழுதியபோது, சேவையின் தரத்தைச் சராசரியில் அளக்காமல் 99.9ஆம் நூற்றுமானத்தில் அளப்பதாகக் குறிப்பிட்டார்கள். நீண்டகாலமாகப் பொருள் வாங்கும் வாடிக்கையாளருக்குப் பழைய பதிவுகள் அதிகம். அவருக்காகக் கணினி செய்ய வேண்டிய வேலையும் அதிகம். சராசரியை மட்டும் பார்த்தால், மிகவும் நம்பி வருபவரே மிக அதிகமாகக் காத்திருப்பது தெரியாமலே போய்விடும். பாடப்பதிவிலும் நான்காம் ஆண்டு மாணவரின் பதிவுகள் முதலாம் ஆண்டு மாணவரைவிட அதிகம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஹிஸ்டோகிராமையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மைஎஸ்கியூஎல் போன்றவற்றில் எண்ணிகள் கூடிக்கொண்டே போகும். நாம் அழிக்கும்வரை பழைய கணக்கும் சேர்ந்தே இருக்கும். நேற்றைய நல்ல நாள் இன்றைய சிக்கலை மூடிவிடலாம். எனவே, நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை எடுத்து, முந்திய நிமிடத்தின் எண்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த நிமிடப் படங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் கொடுத்தால் ‘ஹீட் மேப்’ கிடைக்கும். பிரெண்டன் கிரெக் 2010இல் ஏசிஎம் கியூ இதழில் இந்த முறையை விளக்கினார்.

இன்னொரு பொறியை அடிக்கடி எடுத்துச் சொல்பவர், ஹெச்டிஆர் ஹிஸ்டோகிராம் என்ற மென்பொருளை உருவாக்கிய கில் டெனே. விநாடிக்கு ஒரு வினவல் அனுப்பிச் சோதிக்கிறோம், பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சேவையகம் பத்து விநாடி உறைந்துபோனால் நம் பதிவில் ஒரே ஒரு மெதுவான வினவல்தான் இருக்கும். அந்தப் பத்து விநாடிக்குள் வந்திருக்க வேண்டிய மற்ற வினவல்கள் அனுப்பப்படவே இல்லை. அதனால், அவற்றின் காத்திருப்பு கணக்கிலும் இல்லை.

மேலும், எங்கே வலிக்கிறது என்பதைத்தான் படம் காட்டும். ஏன் வலிக்கிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தின் பின்பக்கத்தில் சொல்லடைவு இல்லாவிட்டால் ஒரு சொல்லைத் தேட எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். அதுபோல, தரவுத்தளத்தில் ‘இண்டெக்ஸ்’ விடுபட்டிருக்கலாம். ஒரு பூட்டுக்காகப் பலர் வரிசையில் நிற்கலாம். எந்தக் கூடையைத் திறந்து பார்ப்பது என்று தெரிந்தபின் தேடுவது எளிது.

நீங்களே செய்து பார்க்கலாம்

பள்ளியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ திட்டப்பணிக்காகச் செயலி உருவாக்கும் மாணவர்கள் இதை ஒரு மாலைப்பொழுதில் முயன்று பார்க்கலாம். 32 சுழியங்கள் கொண்ட ஒரு பட்டியல் போதும். ஒவ்வொரு வினவலுக்கும் முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து, வேறுபாட்டை மைக்ரோவிநாடியில் எடுத்து, உரிய கூடையில் ஒன்றைக் கூட்டுங்கள். பைத்தான் மொழியில் பத்துப் பதினைந்து வரிகளுக்குமேல் தேவைப்படாது. நண்பர்கள் சிலரைச் செயலியைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டு, பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது உயரமான கோபுரமாக இருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வலது ஓரத்தில் 3, 5 என்று தனியாகக் கிடக்கும் எண்களுக்குச் செல்லுங்கள். அந்த மூன்றோ ஐந்தோ வினவல்களின்போது திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டறியுங்கள். செயலியில் அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கான விடை பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.